நரம்புக் கால்வாயும் ஸ்கேன் ஆய்வுகளும்

கேள்வி: கீழ்த்தாடையில் பல் இம்ப்ளாண்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) பொருத்திக்கொள்ள இருக்கிறேன். தாடைக்குள் செல்லும் நரம்புக் கால்வாயைக் கணினியே ஸ்கேனில் துல்லியமாகக் குறித்துவிடுவதாக ஆய்வுகள் சொல்கின்றனவாம். அப்படியிருக்க, கால்வாய்க்கு மேலே 2 மி.மீ. இடைவெளி விட்டே தீர வேண்டும் என்று மருத்துவர் சொல்வது ஏன்?

பதில்: அந்த ஆய்வுகளில் பொய் எதுவும் இல்லை, ஆனால் எதனோடு ஒப்பிட்டு ‘துல்லியம்’ என்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். உயிருள்ளவரின் தாடையை அறுத்துச் சரிபார்க்க வழியில்லை என்பதால், அதே ஸ்கேனில் நிபுணர்கள் கையால் வரைந்த கோட்டையே பெரும்பாலான ஆய்வுகள் சரியான விடையாக வைத்துக்கொள்கின்றன. ஆகவே அங்கே அளக்கப்படுவது, கணினி நிபுணரை ஒத்து வரைகிறதா என்பதுதான். கால்வாயின் எலும்புச் சுவர் மங்கலாக இருக்கும் இடங்களில் நிபுணர்களின் கோடுகளே ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. சுவர் அப்படி மங்குவது பெரும்பாலும் முன்பக்கத்தில், நரம்பு வெளியே வரும் மோவாய்த் துளையை நெருங்கும்போது. இறந்தவர்களின் தாடையை ஸ்கேன் எடுத்து, பிறகு அறுத்து அளந்த ஆய்வுகளும் உண்டு. அவற்றின் அளவுகோல் உறுதியானது என்றாலும், அந்தத் தாடை அசைவதில்லை, எனவே படம் நம்முடையதைவிடத் தெளிவாகவே விழும்.

எந்தப் படங்களை ஆய்வில் சேர்க்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால், முடிவுகளைவிட முதலில் படிக்க வேண்டிய பகுதி அதுதான். உலோக கிரௌன்கள் (பல் மேலுறைகள்) படத்தில் கீற்றுகளாகச் சிதறியவை, நோயாளி அசைந்ததால் கலங்கியவை, கால்வாய் இரண்டாகக் கிளைப்பவை ஆகியவற்றைப் பல ஆய்வுகள் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடுகின்றன. மருத்துவருக்கு உதவி அதிகம் தேவைப்படுவதோ இத்தகைய தாடைகளில்தான். ஒரே மருத்துவமனையின் ஒரே கருவியில் எடுத்த படங்களில் பயிற்சி பெற்ற மென்பொருள், வேறு கருவியின் படத்தில் தடுமாறவும் கூடும்.

சராசரிப் பிழை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு என்று ஓர் ஆய்வு சொன்னாலும், அது கால்வாயின் நீளம் முழுவதற்குமான கணக்கு. துளைக்கும் கருவி இறங்குவதோ ஒரே இடத்தில். அங்கே பிழை எவ்வளவு என்பதைச் சராசரி சொல்லாது. தவிர, இதற்கு எடுக்கப்படும் முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேனான கோன் பீம் சி.டி. காட்டுவது எலும்பிலுள்ள வழியைத்தான், நரம்பை அல்ல.

அந்த 2 மி.மீ. ஸ்கேன் பிழைக்கு மட்டும் விடப்படுவதும் அல்ல. துளைக்கும் கருவியின் கூர்முனை, இம்ப்ளாண்டின் நீளத்தைத் தாண்டிச் சற்று ஆழமாக இறங்குவது வழக்கம்; கையின் சிறு விலகலும் அதில் அடங்கும். இம்ப்ளாண்ட் வரும் இடத்தின் குறுக்குவெட்டுப் படத்தில் கால்வாயின் மேல்சுவர் தெளிவாகத் தெரிகிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தெரியவில்லை என்றால், நீளம் குறைந்த இம்ப்ளாண்ட் போதுமா என்பதை அவருடன் பேசி முடிவுசெய்யலாம்.