மூன்று வாரம் லீவு, அப்புறம் வாசிப்பு வரவில்லை: பதில்

லீவுக்குப் பிறகு வாசிக்கத் திணறும் பிள்ளையை மறுபடி யூகேஜியில் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், தேவையில்லை. காய்ச்சலில் மூன்று வாரம் போன ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு, விட்டுப்போன பாடத்தைக் கண்டுபிடித்துச் சொல்லிக்கொடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

'படம், மாடு எல்லாம் படிக்கிறாள், மேசை என்றால் நின்றுவிடுகிறாள்' என்று எழுதியிருக்கிறீர்கள். என் சந்தேகம் அங்கேதான். அவள் போகாத நாட்களில் வகுப்பில் கொம்பு, அதாவது எழுத்துக்கு முன்னால் போடும் ெ, ே குறிகள், நடந்திருக்கும். கண்ணில் முதலில் படுவது கொம்பு, வாயில் முதலில் வருவதோ 'ம்'. 'கொ' இன்னும் மோசம், இரண்டு பக்கமும் குறி. பக்கத்தில் உட்கார்ந்து யாராவது காட்டினால்தான் பிடிபடும்.

இன்றைக்கே ஒரு தாளில் லாமி, கூபி, தெமு, நொபை என்று பெரிதாக எழுதிக் காட்டுங்கள். அர்த்தமில்லாத சொற்கள் என்பதால் மனப்பாடமாக ஒப்பிக்க முடியாது. கடைசி இரண்டில் மட்டும் தடுக்கினால் கொம்புதான் சிக்கல். நாளுக்கு ஒரு குறி, பத்து நிமிடம் போதும். நான்கிலும் தடுக்கினால் கால் (ா) குறியிலிருந்து ஆரம்பியுங்கள். எது நடத்தினார்கள் என்று டீச்சரிடமும் கேட்டுவிடுங்கள். பக்கத்துப் பிள்ளையின் நோட்டைக் காப்பி எழுத வைப்பது மட்டும் வேண்டாம், கைதான் வலிக்கும்.

ஒன்று: காய்ச்சலோடு காது வலியும் இருந்ததென்றால் காதை ஒரு தடவை டாக்டரிடம் காட்டுங்கள். தினமும் பள்ளிக்குப் போய், வீட்டிலும் பழகி, இரண்டு மாதம் கழித்தும் இதே நிலை என்றால் காரணம் லீவு இல்லை, வேறு ஏதோ.