வீட்டு பிளக்கை வைத்து மீட்டரைத் திருத்தலாமா?

வெள்ளவத்தை வீட்டு பிளக்கில் உங்கள் மல்டிமீட்டர் (மின்னழுத்தம் போன்றவற்றை அளக்கும் கருவி) 241 வோல்ட் காட்டுகிறது, மூடியைக் கழற்றி உள் திருகைத் திருப்பி 230 ஆக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், கூடவோ குறையவோ 6 சதவீதம். 244 வரை வரலாம். மீட்டர் உண்மையையே சொல்லக்கூடும்.

அதைவிட முக்கியம் உங்கள் உயிர். மூடி திறந்திருக்க மீட்டரின் வயர்கள் பிளக்கில் இருந்தால் உள்போர்டிலும் கரண்ட்தான். எப்போதும் வயர்களைக் கழற்றிய பிறகே மூடியைத் திறவுங்கள்.

மீட்டரின் டிசி (பற்றரி தரும் நேர் மின்சாரம்) அளவைச் சரிபார்க்க, பற்றரியில் ஓடும் 10 வோல்ட் ரெஃபரன்ஸ் மொடியூல் (துல்லியமாக 10 வோல்ட் தரும் சிறு கருவி) போதும்; அது மீட்டரைவிட நாலு மடங்காவது துல்லியமாக இருக்கட்டும். இரண்டையும் அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். ஏசி (வீட்டு பிளக்கில் வரும் மாறுதிசை மின்சாரம்) அளவில் சந்தேகம் தீராவிட்டால் கொழும்பு பௌத்தாலோக மாவத்தையிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்தில் விசாரியுங்கள்.