'ஆன் ஆகுது சார்': செத்துப்போன பவர் சப்ளைகளும் சில கடிதங்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய கம்ப்யூட்டர் வாங்கியவர்களுடையவை. ஏறக்குறைய எல்லாவற்றிலும் எங்காவது புகை வருகிறது. இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஒரிஜினல் பவர் சப்ளையோடு ஒரு கமடோர் 64 வாங்கினேன். பத்து நிமிடம் அருமையாக ஓடியது. அப்புறம் திரையில் ஒன்றுமே இல்லை. "நான் அனுப்பும்போது நன்றாகத்தான் இருந்தது" என்கிறார் விற்றவர். தவறு என்னுடையதா?

பதில்: உங்களுடையது இல்லை. 1982-ல் வந்த அந்த இயந்திரத்துக்கு அதன் பவர் சப்ளைதான் எமன். செங்கல் மாதிரி இருக்கும் அந்தப் பெட்டியிலிருந்து 5 வோல்ட் டிசியும் 9 வோல்ட் ஏசியும் வரும். 5 வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கிற ரெகுலேட்டர், பல மாடல்களில் எப்பாக்சி ஊற்றி மூடிய நிலையில் உள்ளே கிடக்கிறது. சூடு வெளியே போக வழியில்லை, பழுது பார்க்கத் திறக்கவும் வழியில்லை. வருடக்கணக்கில் வெந்த ரெகுலேட்டர் பல சமயம் சும்மா செத்துப்போவதில்லை, வோல்ட்டேஜை மேலே ஏறவிட்டுவிடும். முதலில் அடிபடுவது ரேம் சிப்புகள். குளிர்ந்திருக்கும்போது சரியாக இருந்து, சூடேறியதும் ஏறுகிற சப்ளைகளும் உண்டு. உங்கள் பத்து நிமிடக் கதை அதோடு பொருந்துகிறது.

அந்தச் செங்கலை இனி கம்ப்யூட்டரில் செருகாதீர்கள். வேறு நல்ல சப்ளை கிடைத்தால், மூடியைக் கழற்றி ஒரு நிமிடம் ஓடவிட்டு, ரேம் சிப்புகளைத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் விரல் வைக்க முடியாமல் சுட்டால் அதுதான் போயிருக்கிறது. விற்றவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அனுப்பும் முன் 5 வோல்ட்டை அளந்தீர்களா? 4.75-க்கும் 5.25-க்கும் இடையில் இருந்ததா? அளந்திருக்க மாட்டார். "வேலை செய்கிறது" என்று எழுதி விற்றிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கூச்சமே வேண்டாம். அடுத்து வாங்கும்போது, வோல்ட்டேஜ் ஏறினால் தானே துண்டித்துக்கொள்ளும் புதிய சப்ளையாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: பவர் சப்ளையில் 2 ஆம்பியர் ஃப்யூஸ் போட்ட உடனே எரிந்துவிடுகிறது. 5 ஆம்பியர் போட்டுப் பார்க்கலாமா?

பதில்: கூடாது. எரிந்த ஃப்யூஸின் கண்ணாடி உள்ளே கறுத்துப்போயிருந்தால் நேரடி ஷார்ட். பிரிட்ஜ் டயோடையும் ஸ்விட்சிங் டிரான்சிஸ்டரையும் அளந்து பாருங்கள். பெரிய ஃப்யூஸ் போட்டால் எரிவதற்கு இன்னும் விலையுள்ள ஒன்றைத் தேடிப் பிடிக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: பிபிசி மைக்ரோ ஒன்று வாங்கி ஆன் செய்தேன். கால் மணி நேரத்தில் "பட்" என்று சத்தம், வெள்ளைப் புகை, அறை முழுக்கச் சகிக்க முடியாத நாற்றம். ஆனால் கம்ப்யூட்டர் இன்னும் ஓடுகிறது! விற்றவர் "அது சகஜம்" என்கிறார்.

பதில்: சகஜம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறதே, பிறகு ஏன் உங்களிடம் முன்பே சொல்லவில்லை?

வெடித்தது அநேகமாக ரிஃபா கண்டென்சர். மஞ்சள் கலந்த கண்ணாடி போன்ற உறைக்குள் காகிதச் சுருள் தெரியும். வயதானால் உறையில் முடி அளவுக்குக் கீறல் விழும், காற்றின் ஈரம் காகிதத்தில் ஏறும். பல வருடம் கழித்து முழு மின்சாரம் பாயும்போது புகைந்துவிடும். மின்சாரத்திலுள்ள இரைச்சலை வடிகட்டுவதற்காக லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் வைப்பது அது. அதனால்தான் அது போன பிறகும் கம்ப்யூட்டர் ஓடுகிறது. அதற்காக அப்படியே ஓட்டாதீர்கள். உங்கள் பெட்டியில் பொதுவாக 0.1, 0.01 மைக்ரோஃபாரட் என்று இரண்டு இருக்கும், இரண்டையும் மாற்றுங்கள். போட வேண்டியது எக்ஸ்2 (லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் வைப்பதற்கான பாதுகாப்பு வகை) என்று அச்சிட்ட ஃபிலிம் கண்டென்சர். வோல்ட்டேஜ் பொருந்துகிறதே என்று டப்பாவில் கிடக்கிற சாதாரணக் கண்டென்சரைப் போட்டால், அடுத்த முறை புகையோடு நிற்காது. லைனுக்கும் எர்த்துக்கும் இடையில் இருப்பது ஒய் வகை. அதன் இடத்தில் எக்ஸ் வகையைப் போடவே கூடாது.

பழைய கம்ப்யூட்டர் எது வாங்கினாலும் ஆன் செய்யும் முன் மூடியைத் திறந்து இந்த மஞ்சள் உறையைத் தேடுங்கள். சில கருவிகளில் இது சுவிட்சுக்கு முன்னாலேயே இருக்கும், ஆஃப் செய்து வைத்திருந்தாலும் ப்ளக்கில் இருக்கும் வரை வெடிக்கலாம்.

கேள்வி: ஐபிஎம் பிசி ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. "பவர் கார்டு இல்லாததால் சோதிக்கவில்லை" என்று போட்டிருக்கிறார்கள். விலை குறைவு. வாங்கலாமா?

பதில்: கொஞ்சம் உட்காருங்கள். இந்த வாக்கியத்தின் மேல் எனக்குப் பழைய பகை.

1981-ல் வந்த ஐபிஎம் பிசியின் பின்பக்கம் செருகும் கார்டு எது தெரியுமா? இன்று எந்த டெஸ்க்டாப்பின் பின்னாலும் செருகுகிற அதே மூன்று பின் கார்டுதான். பவர் கார்டு இல்லை என்பவர் வீட்டில் அந்த விளம்பரத்தைத் தட்டச்சு செய்த கம்ப்யூட்டரிலோ மானிட்டரிலோ ஒன்று தொங்கிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். "சோதிக்கவில்லை" என்றால் பெரும்பாலும் "சோதித்தேன், ஓடவில்லை, அதைச் சொன்னால் விலை போகாது" என்று அர்த்தம். இதற்கு ஒரு தம்பி உண்டு: "ஆன் ஆகுது சார், அதுக்கு மேல தெரியாது." ஆன் ஆகிறது என்றால் விசிறி சுற்றுகிறது. விசிறி பெரும்பாலும் 12 வோல்ட்டில் சுற்றுவது. சிப்புகளுக்கு வேண்டிய 5 வோல்ட் எப்படி இருக்கிறது என்று அந்த விசிறிக்குத் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது.

நான் இப்படி "சோதிக்கவில்லை" சரக்கு மூன்று வாங்கியிருக்கிறேன். முதலாவதில் பழைய ஃப்யூஸுக்குப் பதில் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுருட்டி வைத்திருந்தார்கள். இரண்டாவது, 115 வோல்ட் இயந்திரம் என்று எங்கேயும் சொல்லவில்லை. மூன்றாவதில் பவர் சப்ளையே இல்லை, வெறும் தகரப் பெட்டியும் சுவிட்சும் மட்டும். அதை மட்டும் உண்மையிலேயே யாரும் சோதித்திருக்க முடியாது.

யாரோ விட்டுப்போன சாமான்களை ஒழித்துப் போடுகிறவருக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். நீங்கள் கேட்ட படத்தை அவர் எடுத்து அனுப்பிவிடுவார். உங்களுக்கு வேண்டியவை: லேபிளில் எத்தனை வோல்ட் என்று தெரிகிற படம், மூடி திறந்த படம், முடிந்தால் 5 வோல்ட் கம்பியில் மல்டிமீட்டர் வைத்த படம். தர மறுத்தால் அது செத்த இயந்திரம் என்றே விலை பேசுங்கள்.

கேள்வி: என் ஐபிஎம் பிசியில் சுவிட்ச் போட்டால் விசிறி ஒரு துடிப்பு துடித்து நின்றுவிடுகிறது. பவர் சப்ளை போய்விட்டது என்று நினைத்து வேறொன்று வாங்கினேன். அதுவும் அப்படியே. இன்னொன்று வாங்கினேன். அதுவும்! மூன்று பேரும் ஏமாற்றியிருப்பார்களா?

பதில்: யாரும் ஏமாற்றவில்லை. மூன்று சப்ளைகளும் ஒரே சேதியைச் சொல்லியிருக்கின்றன, நீங்கள்தான் கேட்கவில்லை. எங்கோ ஷார்ட் இருப்பது தெரிந்து அவை தாமாகவே அடங்கிவிடுகின்றன. அந்த போர்டில் 12 வோல்ட் லைனில் நிற்கும் டாண்டலம் கண்டென்சர்கள் வயதானால் ஷார்ட் ஆவதற்குப் பேர்போனவை. பவர் கார்டைப் பிடுங்கி, சப்ளையிலிருந்து போர்டுக்கு வரும் பி8, பி9 கனெக்டர்களையும் கழற்றிவிட்டு, போர்டில் 12 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் ஓம் அளவு பாருங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால், ஸ்லாட்டில் உள்ள கார்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மறுபடி அளங்கள். இரண்டாவது சப்ளை வாங்கும் முன் செய்ய வேண்டிய ஐந்து நிமிட வேலை இது. திரும்ப மாட்டும்போது அந்த இரண்டு கனெக்டர்களின் கறுப்பு வயர்கள் நடுவில் பக்கத்துப் பக்கத்தில் வர வேண்டும். மாற்றி மாட்டினால் எனக்கு எழுதாதீர்கள்.

கேள்வி: இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டருக்கு 9 வோல்ட் அடாப்டர் ஒன்று வீட்டிலேயே இருந்தது. முனை பொருந்தியது. இப்போது எதுவும் வரவில்லை.

பதில்: முனை பொருந்தியது என்பது ஒரு சோதனையா? ஸ்பெக்ட்ரமுக்கு நடுவில் நெகட்டிவ், வெளியே பாசிட்டிவ். இன்றைய அடாப்டர்களில் பெரும்பாலானவை இதற்கு நேர் எதிர். லேபிளில் இருக்கும் அந்தச் சின்ன வட்டப் படம் அலங்காரத்துக்கு இல்லை. உள்ளே வோல்ட்டேஜ் மாற்றும் டிரான்சிஸ்டரையும் கீழ் 16 கே ரேமையும் முதலில் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: "எல்லாக் கண்டென்சரும் மாற்றியது" என்று உத்தரவாதம் சொன்னதால் கூடுதல் விலை கொடுத்து ஒரு பவர் சப்ளை வாங்கினேன். மூன்று மாதத்தில் "டிக் டிக்" என்று சத்தம் மட்டும் வருகிறது. திறந்தால் வெளியே தெரிகிற நான்கு மட்டும் புதிது. மற்றவை அடியில் பழுப்புக் கறையோடு பழையவையே. விற்றவர் பதிலே போடுவதில்லை.

பதில்: உங்கள் படங்களைப் பார்த்தேன், எனக்கே வயிறு எரிந்தது. இது அசட்டை இல்லை, மோசடி. விளம்பரத்தின் பிரதி, போர்டின் இரு பக்கப் படங்கள், தேதிகள் மூன்றையும் சேர்த்துப் பணம் கட்டிய வழியிலேயே புகார் கொடுங்கள். அந்த "டிக் டிக்", சப்ளை எழுந்திருக்க முயன்று விழுகிற சத்தம். வெளியீட்டுப் பக்கம் ஷார்ட் இருந்தாலும் வரும், காய்ந்துபோன கண்டென்சர் இருந்தாலும் வரும்.

நீங்களே மாற்றுவதானால் 105 டிகிரி, குறைந்த ஈஎஸ்ஆர் (கண்டென்சரின் உள் எதிர்ப்பு) வகை வாங்குங்கள். எங்கே வாங்குகிறீர்கள் என்பது முக்கியம். நான் ஒருமுறை பெரிய பிராண்டு பெயர் போட்ட இருபது கண்டென்சர்களை நம்ப முடியாத சல்லிசு விலைக்கு வாங்கினேன். கையில் எடுத்ததும் வேர்க்கடலைத் தோல் மாதிரி கனமே இல்லை. 1000 மைக்ரோஃபாரட் என்று எழுதியது மீட்டரில் 300-ஐத் தாண்டவில்லை. ஒன்றைப் பிளேடால் கீறிப் பிரித்தேன். அலுமினியக் குப்பிக்குள் சுண்டுவிரல் நுனி அளவுக்கு இன்னொரு குட்டிக் கண்டென்சர், சுற்றிலும் காற்று. மீதி பத்தொன்பதும் இன்னும் மேஜை டிராயரில் இருக்கின்றன, யாருக்கும் கொடுக்க மனமில்லை.

கேள்வி: 115 வோல்ட் இயந்திரம். பின்னால் சின்ன சுவிட்ச் இருக்கிறது. அப்படியே 230-ல் செருகிவிட்டேன்.

பதில்: அந்தச் சுவிட்ச் 115-ல் இருந்தால் உள்ளே வோல்ட்டேஜை இரட்டிப்பாக்கும் அமைப்பு வேலை செய்யும். 230-ஐ அதில் விட்டால் ஏறக்குறைய 650 வோல்ட் டிசி. புகையின் நிறம் என்ன என்று மட்டும் சொல்லுங்கள்.

கேள்வி: ஆப்பிள் II-இன் செத்த சப்ளைக்குள் இன்றைய டெஸ்க்டாப்பில் வரும் ஏடிஎக்ஸ் வகை சப்ளையை வைக்கலாமா?

பதில்: அந்த இயந்திரத்துக்கு 5, 12-ஓடு மைனஸ் 5-உம் மைனஸ் 12-உம் வேண்டும். புதிய ஏடிஎக்ஸ்களில் மைனஸ் 5 கிடையாது, தனியாக உண்டாக்க வேண்டும். ஒரிஜினலையே பழுது பாருங்கள். 1977-ல் விசிறி இல்லாமல் அவ்வளவு சின்னப் பெட்டிக்குள் ஆப்பிளின் பொறியாளர் ராட் ஹோல்ட் வடிவமைத்த ஸ்விட்சிங் சப்ளை அது. அதன் குடலை உருவ எனக்கு மனம் வராது.

கேள்வி: எனக்கு சால்டரிங் தெரியும். எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் பவர் சப்ளை) திறந்து நானே பார்க்கலாமா?

பதில்: ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சரில் 325 வோல்ட் வரை நிற்கும் என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால் பார்க்கலாம். இப்போதுதான் தெரிகிறது என்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாதீர்கள். இரண்டு கிலோ ஓம், பத்து வாட் ரெசிஸ்டர் வைத்து வடித்துவிட்டு, மீட்டரில் சரிபாருங்கள். முதல் முறை ஆன் செய்யும்போது ஒரு குண்டு பல்பை சீரிஸில் போடுங்கள். ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், சப்ளை பிழைக்கும். எல்ஈடி பல்பு இதற்கு உதவாது. இன்னொன்று: பழைய எஸ்எம்பிஎஸ் பலவும் லோடு, அதாவது மின்சாரத்தை இழுக்க ஏதாவது, இல்லாமல் எழுந்திருக்காது. இது தெரியாமல் நல்ல சப்ளை ஒன்றைச் செத்தது என்று எடைக்குப் போட்ட ஆள் நான். 5 வோல்ட்டில் ஒரு கார் பல்பை மாட்டிப் பார்த்திருந்தால் போதும்.

கேள்வி: பெட்டியே பிரிக்காத, அந்தக் காலத்துப் புது பவர் சப்ளை ஒன்று வந்திருக்கிறது. இரண்டு மடங்கு விலை. தகுமா?

பதில்: பெட்டிக்குள் இருந்தாலும் கண்டென்சருக்கு வயதாகும். என்னிடமும் ஒன்று இருக்கிறது. ஒட்டிய டேப்பை நானே பிரித்தேன், உள்ளிருந்து மீன் வாடை வந்தது. இப்போது அறைக் கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க அதைத்தான் முட்டுக் கொடுத்திருக்கிறேன். கனம் நன்றாக இருக்கிறது.