லென்ஸ் இல்லாத கேமரா: கேள்வி பதில்

மக்கள் அவதாரம் என்ற கணினி உருவில் கூடிப் பழகும் இணைய உலகங்களான செகண்ட் லைஃபிலும் வீஆர்சாட்டிலும் பல ஆண்டுகளாகப் படம் எடுத்து வருகிறேன். மெய்நிகர் உலகங்களில் கேமரா எப்படி வேலை செய்கிறது, அதன் கருவிகள் எப்படி வளர்ந்தன என்பது பற்றிக் கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: விளையாட்டுக்குள் நண்பர்களின் அவதாரங்களைப் படம் எடுத்தால் மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் வருகிறது. அவதாரத்தில் குறையா?

பதில்: அவதாரத்தில் எந்தக் குறையும் இல்லை. விளையாட்டுகள் பக்கவாட்டில் வரும் எதிரியையும் காட்ட வேண்டும் என்பதற்காகப் பார்வைக் கோணத்தை அகலமாக வைத்திருக்கின்றன. குவேக் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் அது 90 டிகிரி. 36 மில்லிமீட்டர் அகலமுள்ள பிலிம் கேமராவில் இதே கோணம் வேண்டுமானால் 18 மில்லிமீட்டர் லென்ஸ் மாட்ட வேண்டும். அந்த லென்ஸில் யாராவது திருமண வீட்டில் மணப்பெண்ணின் முகத்தை எடுப்பார்களா? கோணம் அகலமாக இருப்பதால், முகம் படச்சட்டத்தை நிரப்ப நீங்கள் மிக அருகே போக வேண்டியிருக்கிறது. மூக்கைப் பெரிதாக்குவது அந்த நெருக்கம்தான்.

கோணத்தை 40 டிகிரிக்குக் கொண்டுவந்தால் 50 மில்லிமீட்டர் லென்ஸ் போல ஆகும். 24 டிகிரிக்குக் குறைத்தால் 85 மில்லிமீட்டர். முகத்துக்கு அதுதான் அழகு. குறைத்தபின் பல அடி பின்னால் நகருங்கள். நான் சொல்வது கிடைமட்டக் கோணம். சில மென்பொருள்கள் செங்குத்துக் கோணத்தைக் கேட்கும். விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியில் இயல்பாக இருப்பது செங்குத்துக் கோணம்தான். அங்கே 85 மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 16 டிகிரி.

கேள்வி: இதற்கெல்லாம் எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்?

பதில்: என் துறை அல்ல. வன்பொருள் தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: விளையாட்டுக்குள் சினிமா எடுப்பதை முதலில் தொடங்கியவர்கள் யார்?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. 1993-இல் வந்த டூம் விளையாட்டிலேயே ஆட்டத்தைப் பதிவு செய்யும் வசதி இருந்தது. ஆனால் அது ஆட்டக்காரர் எந்த விசையை எப்போது அழுத்தினார் என்பதை மட்டுமே குறித்து வைத்தது. 1996-இல் வந்த குவேக் அதற்கு மேல் ஒரு படி போனது. யார் எந்தக் கணத்தில் எங்கே நின்றார்கள், எந்தப் பக்கம் திரும்பினார்கள், என்ன ஓசை கேட்டது என்று எல்லாவற்றையும் அந்தக் கோப்பு வைத்திருந்தது. அப்படியானால் கோப்பைத் திறந்து திருத்தி, கேமராவை வேறோர் இடத்தில் வைக்கலாம் அல்லவா? அதைத்தான் ரேஞ்சர்ஸ் என்ற ஆட்டக் குழு அதே ஆண்டு அக்டோபரில் செய்தது. 'டைரி ஆஃப் எ கேம்பர்' என்ற அந்தப் படம் இரண்டு நிமிடம்கூட ஓடாது. ஆனால் அதில் நாம் எந்த ஆட்டக்காரரின் கண் வழியாகவும் பார்ப்பதில்லை. பார்வை ஆட்டக்காரரை விட்டுத் தனியே நின்றது. என்னைப் பொறுத்தவரை மெய்நிகர் கேமரா பிறந்தது அந்தக் கணத்தில்தான்.

அதன்பின் கருவிகள் வரிசையாக வந்தன. உவே கிர்லிக் எழுதிய எல்எம்பிசி, பதிவுக் கோப்பைப் படிக்கத்தக்க உரையாகப் பிரித்துக் கொடுத்தது. டேவிட் ரைட்டின் கீகிரிப், வெட்டி ஒட்டும் வேலையை எளிதாக்கியது. இப்படி விளையாட்டுக்குள் எடுக்கும் சினிமாவைக் குறிக்கும் மஷினிமா என்ற சொல் 2000-ஆம் ஆண்டில்தான் பரவியது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இத்தகைய பதிவு என்பது வீடியோ அல்ல, விளையாட்டுக்குத் தரப்படும் குறிப்பு. விளையாட்டின் பதிப்பு மாறினால் குறிப்பு பொருந்தாமல் போகும். எடுத்த அன்றே வீடியோவாக மாற்றி வையுங்கள்.

கேள்வி: ஹேலோ விளையாட்டுக்குள் எடுத்த 'ரெட் வெர்சஸ் புளூ' தொடரில் பாத்திரங்கள் துப்பாக்கியைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு இயல்பாகப் பேசுகிறார்களே, எப்படி?

பதில்: 2003-இல் அவர்களுக்குத் தனிக் கருவி எதுவும் இல்லை. கைத்துப்பாக்கியுடன் தரையைப் பார்த்தால், எதிரே நிற்பவருக்குத் தலை நிமிர்ந்தே தெரியும் என்ற ஒரு கோளாறைக் கண்டுபிடித்து அதையே பயன்படுத்திக்கொண்டார்கள். படம் பிடிக்கும் ஆட்டக்காரரின் திரைக் குறிகள் தெரியாதிருக்க மேலும் கீழும் கறுப்புப் பட்டை. இதைப் பார்த்து, ஹேலோவை உருவாக்கிய பங்கி நிறுவனம் ஹேலோ 2-இல் ஆயுதத்தைத் தாழ்த்த ஒரு விசையையே சேர்த்தது. 2007-இல் ஹேலோ 3 வந்தபோது, முடிந்த ஆட்டத்துக்குள் கேமராவைச் சுதந்திரமாகப் பறக்கவிடும் தியேட்டர் வசதியும் வந்தது. ரசிகர்கள் சிரமப்பட்டுச் செய்ததைப் பார்த்து நிறுவனம் கருவி செய்துகொடுத்த கதை இது.

கேள்வி: எந்த மென்பொருள் சிறந்தது?

பதில்: எந்த உலகத்தில் எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. செகண்ட் லைஃப் என்றால், அந்த உலகத்துக்குள் நுழைய உதவும் ஃபயர்ஸ்டார்ம் என்ற மென்பொருள். அதில் ஒளி, நிழல், ஃபோகஸ் அமைப்புகள் ஃபோட்டோடூல்ஸ் என்ற ஒரே பலகையில் இருக்கின்றன. வீஆர்சாட் என்றால், அவதாரத்தோடு சேர்த்துக்கொள்ளும் வீஆர்சிலென்ஸ் என்ற கேமரா.

கேள்வி: லென்ஸே இல்லாத இடத்தில் லென்ஸின் குறைகளை ஏன் செய்து வைக்கிறீர்கள்? பின்னணி மங்கல், கைநடுக்கம், ஒளிச்சிதறல் எல்லாமே பொய். எல்லாம் தெளிவாகத் தெரியும் படம்தான் இந்த ஊடகத்துக்கு நேர்மையானது.

பதில்: ஒரு பகுதியை ஒப்புக்கொள்கிறேன். ஒளிச்சிதறலை நானும் சேர்ப்பதில்லை. கட்டடங்களையும் நிலக்காட்சிகளையும் எடுக்கும்போது முழுத் தெளிவே வேண்டும். மங்கலிலும் பெரும்பாலானவை மோசமானவை என்பது உண்மை. விளையாட்டுகள் எடுத்து முடித்த படத்தின் மேல், ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று பார்த்து மங்கலைப் பூசுகின்றன. முடியிழையும் கண்ணாடியும் அந்தத் தொலைவுக் கணக்கில் சரியாக ஏறுவதில்லை. அதனால்தான் கூந்தல் ஓரம் கரைந்ததுபோல் தெரிகிறது. வால்வ் என்ற விளையாட்டு நிறுவனம் 2012-இல் வெளியிட்ட, படம் எடுக்கும் மென்பொருளான சோர்ஸ் ஃபிலிம்மேக்கர் வேறு வழியில் போகிறது. கேமராவைச் சற்றே நகர்த்தி நகர்த்திப் பல முறை படமாக்கி, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கிறது. நேரம் பிடிக்கும், ஆனால் கூந்தல் கூந்தலாகவே இருக்கும்.

கேள்வி (அதே நண்பர்): மங்கலை விடுங்கள். நடுக்கத்துக்கு என்ன நியாயம்?

பதில்: இரண்டு வகை நடுக்கம் உண்டு. மென்பொருள் தானாகச் சேர்க்கும் நடுக்கம் பொய். அதில் உங்களோடு உடன்படுகிறேன். கையிலிருந்து வரும் நடுக்கம் பொய் அல்ல. செகண்ட் லைஃபில் ஸ்பேஸ்நேவிகேட்டர் என்ற முப்பரிமாணக் குமிழை இணைத்து, ஃப்ளைகேம் என்ற பறக்கும் கேமராவை ஓட்டிப் பாருங்கள். விரல் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு நகரும். தயங்கினால் கேமராவும் தயங்கும். அந்தத் தயக்கம் உங்களுடையது.

ஜோ ஹன்டிங் வீஆர்சாட்டுக்குள்ளேயே எடுத்த ஆவணப்படம் 2022-இல் சன்டான்ஸ் விழாவில் காட்டப்பட்டது. சைகை மொழி கற்றுத்தருபவர்கள் அதில் வருகிறார்கள். கைகள் பேசும்போது கேமரா கைகளைத் தேடிப் போகிறது. சுவர்களைத் துளைத்துப் பறக்கும் கேமராவால் எங்கு வேண்டுமானாலும் போக முடியும். ஆனால் அதன் பின்னால் ஓர் ஆள் நிற்கிறார் என்ற உணர்வு வராது. கருவிகளின் வளர்ச்சியில் நான் மதிப்பது இதைத்தான்: முதலில் பார்வை உடலிலிருந்து விடுபட்டது, பிறகு கைக்குத் திரும்பி வந்தது.

கேள்வி: இலவசமாகக் கிடைப்பதில் எது சிறந்தது?

பதில்: மேலே சொல்லியிருக்கிறேன். அங்கு சொன்னவற்றில் ஃபயர்ஸ்டார்ம் இலவசம். வீஆர்சிலென்ஸைக் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

கேள்வி: வீஆர்சாட்டில் பொது இடத்தில் இருப்பவர்களைக் கேட்காமல் எடுக்கலாமா?

பதில்: கூடாது. அவதாரத்துக்குப் பின்னால் இருப்பது மனிதக் குரல். முதலில் கேளுங்கள், மறுத்தால் விலகிவிடுங்கள்.

கேள்வி: இரண்டு ஆண்டுகளுக்கு முன் சேமித்த ஆட்டப் பதிவு இப்போது திறக்க மறுக்கிறது. மீட்க வழி உண்டா?

பதில்: மேலே நான் எச்சரித்தது இதைத்தான். அந்தப் பழைய பதிப்பை நிறுவ முடிந்தால் மட்டும் வழி உண்டு. நானும் ஒரு விளையாட்டில் ஒரு மாதம் பாடுபட்டுச் சேர்த்த பதிவுகளை ஒரே புதுப்பிப்பில் இழந்திருக்கிறேன். எல்லோருக்கும் மறுபடியும் சொல்கிறேன்: அன்றே வீடியோவாக மாற்றுங்கள்.

கேள்வி: எந்த மென்பொருள் நல்லது?

பதில்: மூன்றாவது முறை. தயவுசெய்து மேலே உள்ளவற்றைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி (லென்ஸ் நண்பர்): உங்கள் விளக்கம் அழகாக இருக்கிறது, ஆனால் இன்னும் ஏற்க முடியவில்லை.

பதில்: ஏற்க வேண்டாம், எடுத்துப் பார்ப்போம். ஒரே அவதாரம், ஒரே அறை, 24 டிகிரி கோணம், ஒரு நிமிடம். நீங்கள் எல்லாம் தெளிவாகத் தெரியும்படி, பாதை வகுத்த கேமராவில் எடுங்கள். நான் கையில் பிடித்து, ஃபோகஸை நானே மாற்றி எடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் இங்கே அடுத்தடுத்து வைப்போம்.