மேலதிகாரி கனிவாக இருந்தால் வேலை நடக்குமா?

நடக்கும். கனிவு என்றால் இங்கே பெரிதாக ஒன்றுமில்லை: தப்பைச் சொல்ல வருகிறவரை அவமானப்படுத்தாமல் காது கொடுப்பது.

பாளையங்கோட்டையில் ஒரு துணிக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கில் ஆயிரம் ரூபாய் உதைக்கிறது. முதலாளி எரிந்து விழுகிறவர் என்றால் பில் போடும் பையன் வாயைத் திறக்க மாட்டான்; மாசக் கடைசியில் அது பெரிதாகி நிற்கும். "சரிடே, எங்க உதைக்குன்னு பாப்போம்" என்கிறவரிடம் அன்றைக்கே வந்து சொல்லிவிடுவான். 1990களில் அமெரிக்க மருத்துவமனைகளை ஆராய்ந்த நிர்வாகவியல் ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சனும் இதைப் பார்த்தார். நல்ல தலைமை இருந்த பிரிவுகளில்தான் மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே பயமில்லாமல் சொன்னார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம்.

பத்தமடைப் பாய்க்குக் கோரையை ஓடும் தண்ணீரில் ஊறப்போட்டுப் பதப்படுத்திய பிறகுதான் நெய்வார்கள். காய்ந்த கோரையை மடக்கினால் ஒடியும்; வேலை பார்க்கிற ஆளும் அப்படித்தான். (சில மேனேஜர்களை ஒருநாள் அங்கே அனுப்பி வைக்கலாம்.)

அப்புறம், கனிவு என்றதும் கண்டுகொள்ளாமல் விடுவது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஆயிரம் ரூபாய்க்குக் கணக்கு கேட்டே ஆகவேண்டும், வாடிக்கையாளர் முன்னால் வைத்துக் கேட்காமல் தனியாகக் கூப்பிட்டு.