வடகடலா, தென்கடலா?

கேள்வி: கீழக்கரையில் ஏறி, பாம்பனைக் கடந்து, தேவிபட்டினம், தொண்டி வரை பழைய துறைமுகங்களைப் பார்த்தபடி பாய்மரக் கப்பலில் போக ஆசை. அது கைகூடுமா? எந்த மாதம் ஏற்றது?
– வாசகர், பரமக்குடி

பதில்: பயணச்சீட்டு வாங்கி ஏறும்படியான பாய்மரக் கப்பல் இந்தக் கரையில் ஓடவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர் மூலம் ஒரு பாய்ப்படகும் உரிய அனுமதிகளும் கிடைத்துவிட்டதாகவே வைத்துக்கொண்டாலும், நீங்கள் கேட்கும் வழி இரண்டு கடல்களில் போகிறது. பாம்பனுக்குத் தெற்கேயுள்ள மன்னார் வளைகுடாவை மீனவர்கள் தென்கடல் என்றும், வடக்கேயுள்ள பாக் விரிகுடாவை வடகடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்க, வடகடல் ஓரளவு அடங்கிக் கிடக்கும். ஐப்பசியில் வாடை பிடித்துவிட்டால் நிலைமை தலைகீழ். இரண்டையும் ஒரே பயணத்தில் கடப்பதென்றால் பிப்ரவரி, மார்ச் மாதங்களே தோது.

உயரமான பாய்மரம் உள்ள படகு பாம்பனில் ரயில் பாலம் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தின் இரு இறக்கைகளையும் ஆட்களே கைவிசையால் தூக்கினார்கள். 2025-இல் திறக்கப்பட்ட புதிய பாலத்திலோ 72.5 மீட்டர் நீளமுள்ள தூக்குப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலெழும்புகிறது. காத்திருப்பு அலுப்புதான் என்றாலும், அதைப் பார்க்க நான் அரை நாளை ஒதுக்குவேன்.

பழைய துறைமுகங்களைப் பொறுத்தவரை கடல்வழி உங்களை ஏமாற்றவும் கூடும். வைகை கடலில் சேருமிடத்துக்கு அருகிலுள்ள அழகன்குளத்தில் ரோமானிய நாணயங்களும், கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் கிடைத்தன; ஆனால் அவை மண்ணைத் தோண்டி எடுத்தவை, படகிலிருந்து பார்ப்பவருக்கு அங்கே மரங்கள்தாம் தெரியும். தென்கடலின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவையாதலால், வனத்துறை அனுமதியின்றி அவற்றில் இறங்கலாகாது.

பாயின் சுவைதான் வேண்டுமென்றால், தொண்டிப் பக்கம் திருவிழாவை ஒட்டி நடக்கும் பாய்மரப் படகுப் போட்டியைப் பாருங்கள். காற்று வரும் பக்கமாகப் படகுக்கு வெளியே நீட்டிய பலகையில் ஆட்கள் ஏறி, சாயும் படகைத் தங்கள் எடையால் நிமிர்த்திப் பிடிப்பார்கள். காற்று வலுத்தால் பலகையின் நுனிக்கும், தளர்ந்தால் படகின் விளிம்புக்கும் நகர்ந்துகொண்டே இருப்பார்கள்.