தராசில் வையுங்கள், பிறகு தண்டவாளத்தைப் பார்ப்போம்

கேள்வி: எச்.ஓ. அளவில் (அசலில் 87-ல் ஒரு பங்கு) 20 மாடல் ரயில் சரக்குப் பெட்டிகள் வைத்திருக்கிறேன். நீளமான வண்டியாகக் கோத்து ஓட்டினால், வளைவில் ஒரே ஒரு மூடுபெட்டி மட்டும் உட்பக்கமாகச் சாய்ந்து தடம் புரள்கிறது. தண்டவாளத்தைப் பிரித்து மறுபடி பதித்தும் பலனில்லை. என்ன செய்யலாம் ஐயா?

பதில்: தண்டவாளத்தை இனித் தொடாதீர்கள். மற்ற 19 பெட்டிகள் அதே வளைவைத் தாண்டிப் போகின்றன அல்லவா? அப்படியென்றால் குறை அந்தப் பெட்டியில்தான். முதலில் அதை எடை போடுங்கள். சமையலறைத் தராசே போதும்.

1935-ல் அமெரிக்காவில் தொடங்கிய தேசிய மாடல் ரயில் சங்கம் இதற்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. எச்.ஓ. பெட்டிக்கு அடிப்படையாக 28 கிராம், அதோடு நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 14 கிராம். 6 அங்குலப் பெட்டி என்றால் ஏறக்குறைய 112 கிராம் வரும். என்னிடம் இருந்த ஒரு மூடுபெட்டி 70 கிராம்கூட இல்லை. அதுவும் உங்களுடையதைப் போலவே விழுந்துகொண்டிருந்தது. முன்னால் எஞ்சின் இழுக்கிறது, பின்னால் மற்ற பெட்டிகளின் பாரம் பிடித்து நிறுத்துகிறது. கயிற்றை இரு முனையிலும் இழுத்தால் அது நேராகிவிடும் இல்லையா, வண்டியும் வளைவில் அப்படித்தான் நேராக முயலும். நடுவில் எடை குறைந்த பெட்டி எதுவோ அது உள்ளே சாய்ந்துவிடும். சரிசெய்யும் வரை அதை வண்டியின் கடைசியில் மாட்டி ஓட்டுங்கள்.

எடை கூட்ட இரும்பு நட்டுகளைப் பெட்டியின் தரையில் ஒட்டுங்கள். இரண்டு பாதியிலும் சமமாக, எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக. ஈயக் குண்டுகளையும் வெள்ளைப் பசையையும் மட்டும் சேர்க்கவே சேர்க்காதீர்கள். பசையிலிருந்து வரும் அமிலம் ஈயத்தை அரித்து வெள்ளையாகப் பூக்க வைக்கும், பூத்தது வீங்கும். நான் பல மாலைகள் உட்கார்ந்து எழுத்து ஒட்டிய ஒரு பெட்டியின் பக்கச் சுவர் அப்படித்தான் பிளந்தது. இன்றும் அதை எடுத்துப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

எடை சரியான பிறகும் விழுந்தால் பெட்டியைக் கவிழ்த்து, சக்கரச் சட்டங்களைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூக்களையும் பாருங்கள். ஒரு சட்டம் பக்கவாட்டில் திரும்ப மட்டும் வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. மற்றதைக் கொஞ்சம் தளர்த்தி, எல்லாப் பக்கமும் அசைய விடுங்கள். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கிறதே, அதே கணக்குதான். இரண்டையும் இறுக்கிவிட்டால், தண்டவாளத்தில் மயிரிழை மேடு வந்தாலும் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும்.

கேள்வி: பிளாஸ்டிக் சக்கரங்களில் கறுப்பாக அழுக்கு படிந்து கெட்டியாகிவிட்டது. தின்னர் போட்டுத் துடைக்கலாமா? எண்ணெய் விடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். தின்னர் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். எண்ணெய் தூசியைச் சேர்த்து வைக்கும். கனமான காகிதத் துண்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்துத் தண்டவாளத்தின் குறுக்கே போட்டு, பெட்டியை அதன்மேல் முன்னும் பின்னும் உருட்டுங்கள். காகிதத்தில் கறுப்புக் கோடுகள் விழும். கோடு நின்றதும் நிறுத்துங்கள். ஆல்கஹால் பெட்டியின் பெயிண்டில் பட வேண்டாம், எழுத்துகள் உரியும்.

அச்சின் ஊசி முனை உட்காரும் குழியில் கிராஃபைட் பொடி ஒரு துளி போதும். தானே வழுக்கும் தன்மையுள்ள அசிட்டல் பிளாஸ்டிக் சட்டமாக இருந்தால் அதுகூடத் தேவையில்லை.

முடிந்தால் மெல்ல மெல்ல உலோகச் சக்கரங்களுக்கு மாறிவிடுங்கள். அழுக்கு குறைவாகப் பிடிக்கும், உருளும் சத்தமும் அசல் வண்டியை நினைவூட்டும். மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஒரு பக்கச் சக்கரமாவது மின்சாரம் கடத்தாதபடி அச்சிலிருந்து பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் தண்டவாளம் இரண்டும் ஷார்ட் ஆகிவிடும்.

கேள்வி: ஓட்டாத பெட்டிகளை ஸ்பாஞ்சு வைத்த டப்பாவிலேயே விட்டுவைக்கலாமா?

பதில்: பல வருடங்களுக்கு என்றால் கூடாது. சில வகை ஸ்பாஞ்சு நாளாக ஆகப் பொடிந்து, பிசுபிசுத்து, பெயிண்டில் ஒட்டிக்கொள்ளும். அமிலமில்லாத மெல்லிய காகிதத்தில் சுற்றி, வெயிலும் சூடும் படாத அலமாரியில், சக்கரம் கீழே இருக்கும்படி வையுங்கள். பெட்டிகளை இணைக்கும் கொக்கியான கப்ளிங், டப்பாவின் சுவரில் அழுந்தாமல் இரு பக்கமும் ஒரு விரல் இடம் விடுங்கள்.